தலைவலி மாத்திரை விற்பவனின் வயிறு

1961, அக்டோபர் 8, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் ஓர் எழுத்து குண்டாகவும் அடுத்தது நோஞ்சானாகவும் நிற்கின்றன. வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிகிறது. பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. படகுக் கயிறு இழுத்த கை, எழுபது வயதுக்கு மேல் எழுதப் பழகினால் இப்படித்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்கிறேன்? இதை நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன்! நானே எழுதி நானே படிப்பேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

என் பெயர் ஏமஸ் ஹார்டகர், இங்கிலாந்துக்காரன். யார்க்‌ஷயர் கால்வாய்களில் நிலக்கரிப் படகு ஓட்டினேன். படகில் பிறந்த பிள்ளை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்காரும்? இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். என் மகன் டெஸ்ஸை மட்டும் கரையில் அவன் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தோம். அவன் நன்றாகப் படித்து நியூயார்க் வரை வந்துவிட்டான். மனைவி போன பிறகு என்னையும் அழைத்துக்கொண்டான்.

நூலகத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. ஆசிரியை பெயர் திருமதி பிங்க்னி. "வாரத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து மனசுல இருக்கிறத எழுதுங்க ஐயா. அழகா இருக்கணும்னு இல்ல, நிஜமா இருந்தாப் போதும்" என்றார்.

நிஜம் இதுதான்: டெஸ் இன்றும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 11, புதன்

சுரங்க ரயிலில் டெஸ்ஸின் விளம்பரத்தை நானே படித்தேன்! இத்தனை நாள் அது எனக்கு ஒரு மஞ்சள் அட்டை, அதில் சிரிக்கிற ஒரு பெண், அவ்வளவுதான். இன்று எழுத்துக் கூட்டிப் பார்த்தால் வார்த்தை வருகிறது. "வலிக்கு நேரம் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரோபல்." உற்சாகத்தில் சத்தமாகவே படித்துவிட்டேன்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற அம்மாள் திரும்பினாள். "தலைவலியா பெரியவரே?"

"இல்லம்மா. இத எழுதினது என் மகன்."

"அப்படியா? அந்த மாத்திரை எனக்கு ஒண்ணும் பண்ணலன்னு உங்க மகன்கிட்டச் சொல்லுங்க."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டெஸ்ஸும் சிரிப்பான் என்று நினைத்து வீட்டில் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. "எந்த ஸ்டேஷன்ல ஏறினாங்க? என்ன வயசு இருக்கும்? வேற எந்த மாத்திரை போடறாங்கன்னு கேட்டியா?" என்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரொட்டி சுற்றி வந்த தாளில் குறித்துக்கொண்டான். ரொட்டியைத் தொடவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

வெளியே மழை. வகுப்பு இல்லை. எழுத நேரம் இருக்கிறது.

டெஸ் வேலை செய்வது ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில். அவன் பேச்சுக்காகவே அவனை எடுத்தார்கள். அமெரிக்கர்களுக்கு ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற இங்கிலாந்துப் பேச்சு பிடிக்குமாம். அதில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றுமாம். என்னிடம் பேசும்போது மட்டும் கால்வாய்ப் பேச்சு வந்துவிடும்.

அவன் கையில் இருக்கிற பெரிய வாடிக்கையாளர் கணக்கு ஸ்ட்ரோபல் தலைவலி மாத்திரை. ஸ்ட்ரோபல் என்கிற ஆள் உயிரோடு இருக்கிறார், என் வயதுதான். நவம்பர் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் டெஸ்ஸும் அவனுக்குக் கீழே இருப்பவர்களும் மறுநாளே வெளியே. விளம்பர நிறுவனங்கள் இருக்கிற அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். யாரும் குறை சொல்வதும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எதை விற்கிறாயோ அதையே நீயும் உபயோகிக்க வேண்டும். கார் விற்பவன் அந்தக் கார்தான் ஓட்ட வேண்டும், சிகரெட் விற்பவன் அந்தச் சிகரெட்தான் பிடிக்க வேண்டும். டெஸ் சட்டைப் பையில் எப்போதும் ஸ்ட்ரோபல் டப்பி இருக்கும். தட்டையான சின்னத் தகர டப்பி, மஞ்சள் மூடி.

ஆனால் டெஸ்ஸுக்கு வயிற்றில் அல்சர். வசந்த காலத்தில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பால், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஓய்வு. மது கூடாது. ஆஸ்பிரின் சேர்ந்த எதையும் தொடவே கூடாது, தொட்டால் ரத்தம் கசியும். ஸ்ட்ரோபல் மாத்திரையே ஆஸ்பிரின்தான்.

பாலைக் குடிக்கிறான். பாலில் விஸ்கி ஊற்றிக் குடிக்கிறான். பால்தானே என்கிறான்.

இதையெல்லாம் பார்த்துச் சலித்துத்தான் என் மருமகள் லொரெய்ன், பேத்தி பாலியைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதம் நியூ ஜெர்சியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கை வலிக்கிறது.

அக்டோபர் 24, செவ்வாய்

டெஸ் என்னிடம் ஒரு வேலை கொடுத்தான். "அப்பா, மருந்துக் கடையில பால் மாத்திரை ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. பசங்க சப்புமே, அது. வெள்ளையா, சின்னதா இருக்கணும்."

போனேன். அலமாரி முழுக்க பாட்டில்கள். முன்பெல்லாம் படம் பார்த்து, வெட்கப்பட்டு, யாரையாவது கேட்பேன். இன்று ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் படித்தேன். கால் ஆணிக்கு ஒன்று. பூனைக்கு ஒன்று. தலைமுடி உதிராமல் இருக்க ஒன்று. கடைக்காரர், "பெரியவரே, வாங்கறீங்களா, இல்ல பரிட்சைக்குப் படிக்கறீங்களா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். நான்காவது தட்டில் கிடைத்தது. நானே கண்டுபிடித்தேன்!

பாலி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் போல என்று சந்தோஷமாக வந்தேன். டெஸ் சமையலறைத் தொட்டியில் டப்பியைக் கவிழ்த்து அசல் மாத்திரைகளைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டான். பால் மாத்திரைகளை அதில் அடுக்கினான்.

"இது என்னடா?"

"மீட்டிங்ல எல்லாரும் பாக்கறாங்கப்பா. நான் வாயில போடறது இல்லன்னு ஒருத்தன் சொல்லிட்டான். இனிமே அவனுக்கு முன்னாடி ரெண்டு போட்டுக் காட்டலாம்."

புத்திசாலி என்று சிரித்துவிட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை. வயிறு ஓட்டையாக இருக்கிறவன் அதை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? காலில் அடிபட்டால் நொண்டுவோம். யார் கோபித்துக்கொள்வார்கள்?

நவம்பர் 2, வியாழன்

தனியாகப் பேருந்தில் நியூ ஜெர்சி போய் வந்தேன். பலகையைப் படித்து ஏறினேன். பலகையைப் படித்து இறங்கினேன். பாலி என்னை உட்கார வைத்துத் தன் படப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னாள். ஒரு பக்கத்துக்கு நான் எடுத்த நேரத்தில் அவள் ஒரு ஆப்பிளைத் தின்று முடித்தாள். "நல்லாதான் படிக்கற தாத்தா. கொஞ்சம் ஸ்லோ" என்றாள்.

லொரெய்ன் காப்பி கொடுத்தாள். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். ஸ்ட்ரோபல் பத்தாம் தேதி வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார். அவராகவே சொல்லி அனுப்பியிருக்கிறார். குடும்பத்தைப் பார்த்தால்தான் ஆளை நம்புவாராம். அன்று ஒரு மாலை மட்டும் நீ வர முடியுமா அம்மா?

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "வந்து என்ன பண்ணணும் மாமா? சிரிச்சுக்கிட்டே தட்டு நீட்டணுமா? அதுக்கு அவங்க ஆபீஸ்லயே பொண்ணுங்க இருக்காங்க, போட்டோ எடுக்கறதுக்கு."

"அவனுக்கு வேல போயிடும்மா."

"வேல போனா வேற வேல. வயிறு போனா? டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு, இன்னொரு தடவை ரத்தம் வந்தா காப்பாத்தறது கஷ்டம்னு. அன்னைக்கு ராத்திரியே உங்க பையன் கிளையண்டோட சாப்பிடப் போனாரு. நான் வாசல்ல நின்னேன் மாமா. என்னைச் சுத்திக்கிட்டுப் போனாரு."

கிளம்பும்போது ஒரு டப்பா கேக் கொடுத்தாள். அவனுக்கு அல்ல, எனக்கு என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் சாப்பிடக்கூடிய மாதிரி இஞ்சியும் பட்டையும் போடாத கேக்.

நவம்பர் 5, ஞாயிறு

எங்கள் ஊரில் இன்று தெருவில் தீ மூட்டிப் பட்டாசு வெடிக்கிற நாள். டெஸ்ஸுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்.

நவம்பர் 9, வியாழன்

நாளைக்குச் சமையல் நான்தான். அடுப்பில் வாட்டிய மாட்டிறைச்சி, அதோடு சாப்பிட எங்கள் ஊர் மாவுப் புட்டிங். டெஸ் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறான். நாற்காலியை நகர்த்துகிறான், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்துகிறான். "அப்பா, நீ அதிகம் பேச வேணாம். ஆனா ஊமை மாதிரியும் இருக்காத" என்கிறான். அப்படியென்றால் எப்படி இருப்பது?

நவம்பர் 11, சனி

டெஸ் ஆஸ்பத்திரில. காலைல குளியலறைல விழுந்துட்டான். வாயெல்லாம் காப்பித்தூள் மாதிரி கறுப்பா. அது ரத்தமாம். கடவுளே. நான் தடுத்திருக்கலாமே. தடுத்தேனே— இல்ல, தடுக்கல. லொரெய்னுக்கு போன் பண்ணிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

ரத்தம் ஏற்றுகிறார்கள். நாளை ஆபரேஷன். லொரெய்ன் அங்கேயே இருக்கிறாள். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெள்ளி மாலை ஸ்ட்ரோபல் வந்தார். லொரெய்ன் வரவில்லை, குடும்பம் என்று நான் மட்டும்தான். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. இரண்டு தடவை புட்டிங் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பெரியவரே, இந்த மாதிரி வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு. என் வீட்டுல எல்லாம் டப்பாவத் திறக்கறதுதான்" என்றார். மனுஷன் மோசமில்லை.

பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாலையிலிருந்தே தலைவலியாம். "தம்பி, ரெண்டு குடு" என்று டெஸ்ஸிடம் கை நீட்டினார். டப்பி மேசைமேல்தான் இருந்தது. அவர் பார்க்க வேண்டும் என்றே டெஸ் வைத்திருந்தான். டெஸ் அசையவில்லை. அவரே எடுத்துத் திறந்து, பார்க்காமலேயே இரண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார். ஆயிரம் தடவை போட்டுப் பழகிய கை.

பால் மாத்திரை!

அவர் ஏதோ கதை சொன்னார். காப்பி வந்தது. நடுவில் நிறுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "போயிடுச்சு! சுத்தமா போயிடுச்சு. பாத்தியா? இதுதான் ஸ்ட்ரோபல்!" என்று மேசையில் குத்தினார். "தம்பி, இதுதான் நம்ம புது விளம்பரம். இதே மேசை. உன் முகம். உன் பேச்சு. ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு. உங்க முதலாளிகிட்ட நாளைக்கே பேசறேன்."

டெஸ் முகத்தில் எத்தனை மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஏறியது! எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். எப்படியோ தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஸ்ட்ரோபல் எழுந்து போய்த் தன் கோட்டிலிருந்து தன் டப்பியை எடுத்து வந்தார். புது ஒப்பந்தம் பேசினால் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மாத்திரை சேர்ந்து விழுங்குவது அவர் வழக்கமாம். மற்றவர்கள் ஷாம்பெயின் குடிப்பது போல. தேவாலயத்தில் அப்பம் கொடுப்பது போல, டெஸ்ஸின் உள்ளங்கையில் இரண்டை வைத்தார். அசல்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "டெஸ், வேணாம்டா. கீழ வை" என்றேன். எங்கள் கால்வாய்ப் பேச்சில், வேகமாக. ஸ்ட்ரோபலுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றாரு?" என்றார்.

டெஸ் என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையா, மிரட்டுகிற பார்வையா, இன்னும் தெரியவில்லை. பிறகு அந்த ரேடியோப் பேச்சில், அழகாகச் சிரித்து, "அவருக்கும் ரெண்டு வேணுமாம்" என்றான்.

ஸ்ட்ரோபல் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படிச் சொல்லுங்க பெரியவரே!" என் கையிலும் இரண்டு. மூன்று பேரும் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினோம். விழுங்கினோம்.

என்ன செய்திருக்க வேண்டும்? கையைத் தட்டிவிட்டிருக்கலாம். மேசைத்துணியை இழுத்திருக்கலாம். அவன் சிரித்தான், நான் விழுங்கினேன். என் மகன் எனக்கே ஏதோ விற்றுவிட்டான். நானும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. பாதி வயிற்றை எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான் என்று எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. மறுபடியும் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 19, ஞாயிறு

இன்று ஸ்ட்ரோபல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ரோஜாக்கள், கக்கத்தில் பெரிய அட்டை. லொரெய்ன் பூவை வாங்கி ஜன்னலில் வைத்தாள், வாருங்கள் என்று சொல்லவில்லை. அவருக்கு டெஸ் அல்சரில் விழுந்தது மட்டும்தான் தெரியும். எதனால் என்று தெரியாது. "இந்தத் தொழில்ல வயிறு போகாதவன் வேலையே செய்யலன்னு அர்த்தம்" என்று தட்டிக்கொடுத்தார். "உன் முதலாளி எல்லாம் தயார் பண்ணிட்டாரு. நீ எழுந்து வந்ததும் பங்குதாரர். தலைப்பு நானே எழுதினேன். பாரு."

அட்டையை விரித்தார். ஓவியத்தில் ஒரு மேசை, டெஸ் மாதிரி ஒரு ஆள். கட்டிலில் இருந்த டெஸ் கண்ணாடி போட்டிருக்கவில்லை. "கண்ணாடி இல்லையா? அப்ப பெரியவரே, நீங்க படிங்க" என்றார்.

என்னைப் படிக்கச் சொன்னார்! ஒருவர் தொழில் விஷயமாக என்னைப் படிக்கச் சொல்வது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எழுந்து நின்று படித்தேன். விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக. "ஒரு... நல்ல... விருந்து. ஒரு... பொல்லாத... தலைவலி. நான்... என்... டப்பியை... நம்பினேன்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அழுகிறான் என்று பயந்து திரும்பினேன். சிரிக்கிறான். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நிறுத்துப்பா, நிறுத்துப்பா, தையல் பிச்சுக்கும்" என்கிறான், கண்ணில் தண்ணீர் வழிய. கால்வாய்ப் பேச்சில்.

ஸ்ட்ரோபலும் எதுவும் புரியாமல் கொஞ்சம் சிரித்தார். "என்னப்பா?"

லொரெய்ன் டெஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனால் முடியும், வேண்டிய மட்டும் வார்த்தை இருக்கிறது அவனிடம்.

டெஸ் கண்ணைத் துடைத்தான். "அன்னைக்கு நீங்க முழுங்கினது பால் மாத்திரை சார். பசங்க திங்கறது. எங்கப்பா வாங்கிட்டு வந்தாரு."

ஸ்ட்ரோபல் விரித்துப் பிடித்திருந்த அட்டையைக் கீழே இறக்கினார்.

"நீ என் மாத்திரையத் தின்னதே இல்லையா?"

"ஒரே தடவை தின்னேன், உங்க கையால. இங்க வந்து படுத்துட்டேன்."

ஸ்ட்ரோபல் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். கத்துவார் என்று காத்திருந்தோம். கடைசியில் என்னைப் பார்த்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார்: "அப்ப என் தலைவலி எங்க போச்சு?"

"தெரியல ஐயா. நானும் ரெண்டு முழுங்கினேன். எனக்குத் தலைவலியே இல்ல, அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

அவர் எழுந்தார். அட்டையைச் சுருட்டினார். வாசல் வரை போய், "இத வெளில யார்கிட்டயும் சொல்லாத" என்றார். பிறகு, "உடம்பப் பாத்துக்க." போய்விட்டார்.

லொரெய்ன் கதவை மூடிவிட்டு வந்தாள். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டாள். அவன் தூங்கிப்போனான். சாயங்காலம் வரை, ஒரு தடவைகூடப் புரளாமல்.

நவம்பர் 22, புதன்

ஸ்ட்ரோபல் கணக்கு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. நிறுவனத்திலிருந்து ஒரு ஆள் டெஸ்ஸின் குடை, மேசைவிளக்கு, பாலியின் படம் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல மாதிரியான பையன். "எனக்கும் வேலை போச்சு தாத்தா" என்றான். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் டெஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "வேல போனவங்களுக்கெல்லாம் நான் போன் பண்ணணும்பா. ஒவ்வொருத்தருக்கும்."

நவம்பர் 30, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டான். மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்தான். மெலிந்து, சட்டை கொடியில் தொங்குவது போல இருக்கிறது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கரண்டியை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிடுகிறான். பசி என்பதே மறந்துவிட்டதாம். எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்கிறான். அதை எப்படிச் சொல்வது?

இன்று வகுப்பில் திருமதி பிங்க்னி, நான் அங்கே எழுதிய பக்கத்தைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். வரி நேராக நிற்கிறதாம்! வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். "காட்டு" என்றான். அதைக் காட்டினேன், இந்த நோட்டைக் காட்டவில்லை.

டிசம்பர் 6, புதன்

சிகரெட் கம்பெனிக்கு வேலை செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து போன். நல்ல சம்பளம். அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டான். ஐயோ, மறுபடியுமா? "கோடைக்கு அப்புறம் பேசலாமா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போல. அவனும் வைத்தான். பிறகு அறைக்குள் போய் நடந்துகொண்டே இருந்தான். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவனுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. வாடகை இருக்கிறதே.

டிசம்பர் 10, ஞாயிறு

பனி கொட்டுகிறது. லொரெய்னும் பாலியும் நேற்றே வந்தார்கள். லொரெய்ன் ஒரே ஒரு பெட்டிதான் கொண்டுவந்திருக்கிறாள். "ஜனவரி வரைக்கும் பாக்கலாம் மாமா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பாலியும் நானும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிறோம். அவள் முடித்துவிட்டாள். நான் இன்னும் மூன்றாவது வரியில் இருக்கிறேன். "தாத்தா, நீ ஒவ்வொரு எழுத்தையும் வளக்கற" என்கிறாள்.

டெஸ் சோபாவில் கண் மூடிக் கிடந்தான். லொரெய்ன் ஜன்னலில் ஒட்டிய பனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று டெஸ் எழுந்து உட்கார்ந்தான். ஏதோ சத்தம் கேட்டவன் போல வீட்டைச் சுற்றிப் பார்த்தான். வலிக்கிறதோ என்று லொரெய்ன் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: "அப்பா, எனக்குப் பசிக்குது."

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி வைத்திருக்கிறேன். கொதி வந்துவிட்டது, பால் ஊற்ற வேண்டும். பென்சிலைக் கீழே வைக்கிறேன். சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, வரும் ஞாயிறு உட்கார்ந்து எழுதுவேன்.